நான்கு விரற்கடை தூரம்

அல்லி எழுந்ததும் செய்யும் முதல் வேலை, கரைசலில் ஊறிய லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்துவது. கோவையில் எல்லாருக்கும் அதுதான் முதல் வேலை. வெளியே வெயில் ஆளைச் சுட்டுவிடும் என்று இரண்டு தலைமுறையாகப் பிள்ளைகள் கூரைக்கடியிலேயே வளர்ந்ததில் கண்கோளம் நீண்டு, எல்லாருடைய பவரும் மைனஸ் பதினைந்துக்கு வந்துவிட்டது. லென்ஸ் இல்லாவிட்டால் நான்கு விரற்கடைக்கு அப்பால் எல்லாம் புகை.

அன்று அவள் கண்கள் சிவந்து உறுத்தின. லென்ஸ் பெட்டி சோதித்துச் சொல்லிவிட்டது: கருவிழியில் புண், ஏழு நாள் அணியக்கூடாது.

சுவரைத் தடவியபடி சமையலறைக்குப் போனவள் கணவன் மேல் மோதிக்கொண்டாள். நன்மாறன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தருகே குனிந்தான்.

"பாத்து வா."

அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கன்னம் ஒட்டி எலும்பு துருத்தியிருந்தது. விழியின் வெள்ளை, மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது.

"மாறா, நீதானே?"

"என்ன கேள்வி இது?"

"உன் கண்ணு மஞ்சளா இருக்கு."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். "நல்லாத்தான இருக்கேன். ரெண்டு மாசமா கொஞ்சம் அசதி, உடம்பு அரிக்குது. அவ்வளவுதான்."

அவனுக்கு அப்படித்தான் தெரியும். 'காட்சி வில்லை' என்று விற்கப்பட்ட அந்த லென்ஸ் பார்வையைத் திருத்துவதோடு நிற்பதில்லை. பழகிய முகத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்தால் மின்கலம் தீர்ந்துவிடும் என்று, ஒருமுறை சேமித்த படத்தையே எடுத்து ஒட்டிவிடும். மூன்று வருடத்துக்கு முன் முதன்முதலில் பொருத்தும்போதே சொன்னார்கள், யாரும் பெரிதுபடுத்தவில்லை. அன்றிலிருந்து அவள் புருஷனின் படத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டே குடும்ப மருத்துவர் அமானுல்லாவிடம் போனாள்.

"முகம் தெளிவாத்தானுங்க இருக்கு. எதுக்குப் பயப்படறீங்க?" என்றார் அவர்.

"லென்ஸக் கழட்டிட்டுப் பாருங்க, டாக்டர்."

"நோயாளி முன்னாடி நான் கழட்டினதே இல்லீங்களே."

"கழட்டுங்க."

அவர் கழற்றினார். மூக்கோடு மூக்கு இடிக்கும்வரை நன்மாறனிடம் குனிந்தார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

பித்தநாளம் அடைத்திருந்தது.

"இன்னிக்கே அட்மிட் பண்ணிருங்க. காப்பாத்திரலாம். இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா..." என்றார் அவர்.

நன்மாறனை உள்ளே அழைத்துப் போனார்கள். அல்லி புகைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மருத்துவர் இன்னும் லென்ஸைப் போட்டுக்கொள்ளவில்லை.

"என் முகத்தையும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களாம்மா? கண்ணாடியில பாத்தா மூக்குதான் இடிக்குது. ஒண்ணும் தெரியல."

அவள் நெருங்கிப் பார்த்தாள். நரை. சுருக்கம். நெற்றியில் வியர்வை.

"வயசாயிருச்சு டாக்டர். வேற ஒண்ணும் தெரியலீங்க."

"நல்லாப் பாத்தீங்களா? காதுக்குப் பின்னாடி?"

அவள் மறுபடி குனிந்தபோது அவர் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது. நர்ஸின் குரல் மிக மெல்லியதாக வந்தது.

"அடுத்து என்னையும் பாருங்கக்கா. நானும் கழட்டிட்டேன்."