நடையில் எரிந்த விளக்கு

ஏழே கால் மணிக்குச் சமையலறை விளக்கு அணைந்தது. அது சரிதான். அறிவுச்செல்வன் ஆட்டோவை அனுப்பிவிட்டு, தோளில் பையோடு பக்கத்துக் காலி மனையின் ஓரத்தில் நின்று தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து ஹாலில் எரிய வேண்டும். இரண்டு டைமரும் ஒரே விநாடியில் ஓடுவதில்லை. நடுவே ஒரு நிமிஷம், சில நாள் ஒன்றரை நிமிஷம், வீடு இருட்டாகக் கிடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் அந்த இருட்டு வரவில்லை. சமையலறை அணைந்த உடனே, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் நடையில், வென்டிலேட்டர் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக வெளிச்சம் வந்தது. ஹால் விளக்கு எரிந்த பிறகு அது அணைந்தது.

நடையில் அவன் டைமர் எதுவும் மாட்டவில்லை. சுவரில் ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு குண்டு பல்பு. யாராவது கை வைத்து அழுத்தினால்தான் எரியும்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக மனை போட்ட இடத்தில், இரண்டாயிரத்து ஐந்தில் கட்டிய வீடு அது. கட்டி முடித்து ஆறு மாதத்தில் எழிலரசி பிரசவத்துக்காக அடி அண்ணாமலையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பூட்டிக் கிடக்கிற வீடு என்று தெரிந்தால் திருடர்கள் விடமாட்டார்கள். அதே தெருவில் இரண்டு வீட்டில் பூட்டை உடைத்திருந்தார்கள். அதனால் போன மாதம் சென்னைக்குப் போனபோது நான்கு டைமர் பிளக் வாங்கி வந்தான். வட்டமான முகப்பு, சுற்றிலும் சின்னச் சின்ன ஊசிகள். எந்த நேரத்துக்கு விளக்கு எரிய வேண்டுமோ அந்த ஊசிகளைக் கீழே அழுத்திவிட வேண்டும். பிளக்கைச் சுவரில் செருகி அதில் விளக்கின் வயரை மாட்டிவிட்டால், ஆள் இல்லாமலே வீடு எரிந்து அணையும்.

ஓசூர் அறையில் உட்கார்ந்து அவன் அதற்கு ஒரு நேரக்கணக்கு எழுதினான். கண்டபடி எரிந்தால் திருடன் கண்டுபிடித்துவிடுவான். ஒரு ஆள் நடமாடுவது போலவே இருக்க வேண்டும். ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டான். ஆறே காலுக்கு ஹாலில் விளக்குப் போடுவாள். ஆறே முக்காலுக்குச் சமைக்கப் போவாள். ஏழே காலுக்கு மறுபடி ஹாலில் வந்து உட்காருவாள். ஒன்பதே காலுக்குக் குளியலறை, ஒன்பதரைக்குப் படுக்கையறை. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். எழுதி முடித்தபோது தன் புத்திசாலித்தனத்தை நினைத்துச் சிரிப்புகூட வந்தது.

இப்போது சிரிப்பு வரவில்லை. மூன்று மாதக் குழந்தையோடு எழிலரசி இன்றைக்கு வீட்டுக்கு வருகிறாள். எட்டு மணிக்கு. மத்தியானமே வந்து வீட்டைத் தயார் பண்ணி வைப்பதாகச் சொல்லியிருந்தான். செங்கத்துக்குப் பக்கத்தில் பஸ் பஞ்சராகிப் பாதி நாள் போய்விட்டது.

“அறிவு, வந்துட்டியாப்பா?” எழிலரசி ஊருக்குப் போன பிறகு எதிர்வீட்டுக்குக் குடிவந்த மணியம்மாள் வாசலில் இருந்து கூப்பிட்டாள். “ஆரத்திக்குத் தட்டு எல்லாம் எடுத்து வச்சிட்டேன். அவங்க வந்ததும் ஒரு குரல் குடு.”

“வீட்டுக்குள்ள யாராவது போனாங்களாக்கா?”

“யாரும் போவலயே. அதான் உள்ளயே ஒருத்தங்க இருக்காங்களே.”

“யாரு?”

“இன்னாப்பா, என்னைக் கேக்கற? உங்க வீட்ல தங்கியிருக்காங்களே அந்தம்மா. உன் சொந்தம்னு இல்ல நெனச்சினு இருந்தேன்.” மணியம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஒரு மாசமா பாக்கறேன். சாயங்காலமானா ஹால்ல லைட்டு, அப்புறம் சமையல்கட்டுல லைட்டு. நேத்துகூட ஜன்னலாண்ட போய், பச்சப்புள்ள வருதே, வீட்டைத் தொடச்சி வுடட்டுமானு கேட்டேன். திரைக்குப் பின்னாடி இருந்து வேணாம்னு கைய ஆட்டினாங்க. பேச்சு கம்மி போல.”

அவன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். திருடன் என்றால் ஒரு மாதமா தங்குவான்? யாரோ பூட்டைத் திறந்து குடிவந்துவிட்டார்களா? கேட்டைத் தாண்டிப் போய்ப் பூட்டைப் பார்த்தான். அவன் பூட்டிய பூட்டுதான். மேலே தூசி படிந்திருந்தது. சாவியை நுழைக்கும்போது அந்தத் தூசியில் அவன் விரல் மட்டும்தான் தடம் பதித்தது.

பூட்டிக் கிடந்த புது வீட்டில் சுண்ணாம்பும் சிமெண்டும் அடைந்த வாசனைதான் வர வேண்டும். கதவைத் திறந்ததும் அவன் முகத்தில் வந்து மோதியது வேறு வாசனை: நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒருத்தியின் வாசனை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், ஈரம் காயாத புடவை, இப்போதுதான் அணைத்த தீக்குச்சி. ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான்கு அறைகளிலும் டைமர்கள் நறநறவென்று மெல்ல அரைக்கிற சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறவர்களின் சத்தம் போல, சுவர்களில் இருந்து கேட்டது.

ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறையில். பின்கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. சமையலறையில் கேஸ் மூடியிருந்தது, பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன. யாரும் இல்லை. திரும்பி வரும்போது நடையில் நின்று, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்தக் குண்டு பல்பைத் தொட்டான்.

விரல் சுட்டது.

போனை எடுத்து மாமியார் வெள்ளையம்மாள் வீட்டுக்கு அடித்தான். இன்றைக்கு வர வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் போதும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கிளம்பிவிட்டார்கள். எழிலரசியிடம் செல்போன் கிடையாது.

மணி ஏழு முப்பத்தைந்து.

வயரிங்கில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டான். அந்தக் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. நான்கு டைமர்களையும் சுவரில் இருந்து பிடுங்கி ஹால் மேசையில் போட்டான். விளக்கு அணைந்தது. அரைக்கிற சத்தமும் நின்றது. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருந்தது. அதற்குள் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

டக்.

நடையில் விளக்கு எரிந்தது.

அவன் அசையவில்லை. நடையின் வாசலில் தெரிந்த மஞ்சள் வெளிச்சத்தில் யாரும் இல்லை. தரையில் நிழல் மட்டும் இருந்தது. சுவரோரமாக, தலை சற்றுச் சாய்ந்து, காத்திருப்பது போல. டைமர்களை ஏன் பிடுங்கினாய் என்று கேட்பது போல.

ஓடிப் போய் வாசல் மீட்டர் பெட்டியைத் திறந்தான். மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கினான். அது போதாது என்று தோன்றியது. பீங்கான் ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டான். நடை இருண்டது. வீடு முழுக்க இருண்டது. இனி எரிய வழியே இல்லை. பையும் சாவியும் ஹாலில் இருந்தன. எடுத்துக் கதவைப் பூட்டிவிட்டால், தெருமுனைக்குப் போய் அவர்கள் வரும் ஆட்டோவை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். உள்ளே இரண்டு எட்டு வைத்தான்.

டக்.

நடையில்தான். வெளிச்சம் வரவில்லை.

டக், டக். மேலும் கீழுமாக. எரியாததால் திரும்பத் திரும்ப அழுத்துகிற சத்தம்.

பிறகு நின்றது. பிறகு சமையலறையில். டக். டக். டக். குளியலறையில். டக். இருட்டில் யாரோ ஒவ்வொரு ஸ்விட்சாகத் தேடித் தேடி அழுத்திக்கொண்டு வருகிறார்கள். உள்ளங்கை சுவரைத் தடவும் சத்தம். சரசரவென்று. படுக்கையறையில். டக். எண்ணெய் வாசனை கூடிக்கொண்டே வந்தது.

சாவி கையில் பட்டது. பை படவில்லை.

ஹால் சுவரில், அவன் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, ஸ்விட்ச் போர்டு. ஆறு ஸ்விட்ச்.

சுவரைத் தடவிக்கொண்டு வந்த கை அங்கே நின்றது.

டக்.

டக். டக். டக். டக். டக்.

ஆறும். மறுபடி ஆறும். வேகமாக. கோபமாக. காது அருகில் ஒரு மூச்சு, சின்னதாக, பொறுமை இழந்தவளின் மூச்சு.

எப்படி வெளியே வந்தான் என்று தெரியவில்லை. செருப்பு இல்லை. கதவைப் பூட்டவில்லை. தெருமுனையில், மெயின் ரோட்டில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஃபியூஸ் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தான். வேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒரு டீக்கடை ரேடியோ பாடியது. எதிரே வந்த ஒவ்வொரு ஆட்டோவையும் கை காட்டி நிறுத்திக் குனிந்து பார்த்தான். திட்டினார்கள். எட்டு மணி. எட்டு ஐந்து. எட்டுப் பத்து.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியதில் இருந்து ஆட்டோக்காரர்கள் சில பேர் பின் தெரு வழியாகச் சுற்றி வருகிறார்கள்.

திரும்பி ஓடினான்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மாமியார் முழங்கால் வலியோடு ஒரு காலைத் தரையில் ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தாள். எழிலரசி அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தாள். டிரைவர் பைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால் வீடு எரிந்துகொண்டிருந்தது. ஹால், நடை, சமையலறை, எல்லாம். ஒவ்வொரு ஜன்னலும்.

“எங்கங்க போனீங்க? செருப்புகூட போடாம?” என்றாள் எழிலரசி.

அவளுடைய இரண்டு கையிலும் அம்மாதான் இருந்தாள்.

“கொழந்தை எங்க?”

“உள்ளதான். ஆட்டோ நின்னதும் அந்தக்கா வெளிய வந்து வாங்கினாங்க. ஆரத்திக்கு எதிர்வீட்டு அக்கா வருவாங்கனு நீங்கதான சொன்னீங்க?” அவள் சிரித்தாள். “பாவம், புள்ளைய எப்ப குடுப்பேன்னு கைய நீட்டினு நின்னாங்க. ஒரு வார்த்தை பேசல. ஆசையா மார்ல அணைச்சினு உள்ள போயிட்டாங்க. ஏன், இன்னா ஆச்சி?”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

“வந்துட்டாங்களா? இதோ, இதோ வந்துட்டேன்.” மணியம்மாள் படியிறங்கி வந்தாள். இரண்டு கையிலும் ஆரத்தித் தட்டு. தட்டில் சிவப்புத் தண்ணீர் தளும்பியது. அதற்கு நடுவே வெற்றிலை மேல் கற்பூரம், இன்னும் ஏற்றாமல்.

எழிலரசி அவளைப் பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பிடித்திருந்த கையை விட்டாள்.

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது.

அவன் கேட்டுக்குள் பாய்ந்தான். மீட்டர் பெட்டி திறந்தபடியே இருந்தது. மெயின் கீழே இருந்தது. கட்டை இருந்த இடம் காலியாக இருந்தது. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தோளால் இடித்தான். மறுபடி இடித்தான். தேக்குக் கதவு. அவனே பார்த்துப் பார்த்துப் போட்டது.

டக். சமையலறை அணைந்தது.

டக். நடை அணைந்தது.

டக். ஹால் அணைந்தது.

அழுகை வீட்டுக்குள் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. தெருப் பக்கம் இருக்கும் படுக்கையறையில் மட்டும் விளக்கு எரிந்தது. எழிலரசி ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு பெயர் வைக்காத குழந்தையைக் கண்ணு, கண்ணு என்று கத்தினாள். திரைத்துணியில் ஒரு நிழல் விழுந்தது. கொண்டை போட்ட தலை. தோளில் குழந்தை. ஒரு கை அதன் முதுகில் தட்டிக்கொடுத்தது. மெதுவாக. பழக்கப்பட்ட கை போல.

அழுகை விக்கலானது. விக்கல் நின்றது.

நிழல் குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டது. இன்னொரு கை சுவரை நோக்கி நீண்டது.

டக்.