ரெண்டு தட்டு

முக்காணிப் பாலத்தைத் தாண்டியது தளவாய்க்கு நினைவில்லை.

ஆறுமுகநேரி அளத்தில் லாரியில் உப்பேற்றியது, ஆத்தூரில் டீ குடித்தது எல்லாம் நினைவிருக்கிறது. அப்புறம் சிலோன் ஸ்டேஷன் பிடிக்காமல் கரகரவென்று இழுத்ததும், டிரான்சிஸ்டரின் குமிழைத் திருகிக்கொண்டே வந்ததும் இருக்கிறது. இப்போது பழையகாயலும் போய்விட்டது. இருபுறமும் உப்புப் பாத்திகள் கருக்கலில் வெளுத்துக் கிடக்க, டீசல் புகையோடு சேற்று வாடையும் ஏறி வர, பாட்டு மட்டும் பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி அத்தனை தெளிவாகக் கேட்டது. நடுவில் இருந்த பாலமும் அம்மாம்பெரிய ஆறும் எங்கே போய்த் தொலைந்தன? கை ஸ்டியரிங்கில்தான் இருந்திருக்கிறது. கண்ணும் திறந்துதான் இருந்திருக்கிறது.

டொக் டொக்.

டூல்ஸ் பெட்டியில் ஸ்பானர் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஏலே சொரிமுத்து, அந்தப் பெட்டியக் கொஞ்சம் அமுக்கிப் பிடிலே."

சத்தம் நிற்கவில்லை. சொரிமுத்துதான் கிளீனர், பெண்டாட்டி இசக்கித்தாயின் தம்பி. குறுகலான பாலம் வந்தால் இடப்பக்கப் படியில் வெளியே நின்றுகொண்டு, கைப்பிடிச் சுவருக்கும் வண்டிக்கும் இடைவெளி பார்ப்பது அவன் வேலை. கதவில் ஒரு தட்டு தட்டினால் போகலாம். ரெண்டு தட்டினால் நிறுத்தணும். பாலம் முடிந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்து, "தாண்டியாச்சு அத்தான்" என்பான்.

இன்றைக்கு அதைச் சொன்னானா?

திரும்பிப் பார்த்தான். சீட்டில் அவன் தூக்குச்சட்டி மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

மதியம் சோறு போடும்போதே இசக்கித்தாய் சொன்னாள். "அந்தப் பாட்டுப் பெட்டியத் திருகிக்கிட்டே ஓட்டாதிய. எனக்கு இருக்கது ஒரே தம்பி." இவன் சிரித்துவிட்டு வந்தான்.

பாட்டை அணைத்தான்.

டொக் டொக்.

இடக்கதவு. வெளியிலிருந்து. படியிலேயே நின்று விளையாடுதான், சவத்து மூதி, இறங்கினதும் ஒரு அறை விடணும் என்று நினைக்கத்தான் தளவாய் ஆசைப்பட்டான். ஆனால் இந்தச் சத்தத்தை முன்னாலேயே கேட்டிருந்தான். குமிழைத் திருகும்போது, கரகரப்புக்கு அடியில், டொக் டொக், டொக் டொக் என்று விடாமல். "அத்தான்" என்றுகூட. பிறகு வண்டி ஒரு குலுக்கு குலுங்கியது. பள்ளம் என்று விட்டுவிட்டான். காது கேட்டது. புத்தி ஸ்டேஷன் தேடிக்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தான். இன்ஜினை அணைத்தான். கடல்காற்று மட்டும்.

இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்தான். இடப்பக்கப் பலகை நெடுக சிராய்ந்து, பாலத்துச் சுவரின் சுண்ணாம்பு அப்பியிருந்தது. படி மடங்கிக் கிடந்தது. அதில் ஒரு துண்டு. சொரிமுத்துவின் துண்டு. நனைந்திருந்தது.

ஆள் இல்லை.

"மாப்ளே," என்றான்.

டொக். கதவில், அவன் கண்முன்னால், சிவப்பாக ஒரு கை பதிந்தது. டொக். அதன் மேலேயே இன்னொன்று.

வண்டி நின்றுதான் இருந்தது. அது நிறுத்தச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தது.