ஒரே மீனில் பத்துப் பேர்

பத்துப் பேர் ஒரே மீனுக்குள் இருந்தார்கள்.

மணிக்கொரை ஓடையின் கரையில், சாய்வு நாற்காலிகளில் வரிசையாகக் கிடந்தார்கள். கண்களின் மேல் கறுப்பு முகமூடி, மணிக்கட்டில் வெள்ளிநிறப் பட்டை. பத்து வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன, ஒரே நேரத்தில் மூடின. தண்ணீருக்குள் பாறை நிழலில் நின்ற ஒரு டிரவுட் மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இதற்கு உடனீந்தல் என்று பெயர். மீன் குஞ்சாக இருக்கும்போதே அதன் மூளையில் முடியைவிட மெல்லிய உயிரிழை ஒன்றைப் பதித்துவிடுவார்கள். மீன் உணர்வதையெல்லாம் அது கரைக்கு அனுப்பும். பட்டை கட்டியவருக்கு நீரின் குளிர் தன் தோலில் தெரியும், ஓட்டத்தின் வேகம் தன் விலாவில் தெரியும். நீலகிரிக்கு ஒரு காலத்தில் டிரவுட் பிடிக்க வந்தார்கள். இப்போது டிரவுட்டாக இருக்க வந்தார்கள். உலகிலேயே கருணையான விளையாட்டு என்று நிறுவனத்தின் பலகை சொன்னது.

ஆரம்பத்தில் ஒரு மீனுக்கு ஒருவர்தான். மீன்கள் குறையக் குறைய இருவர் ஆனது, நால்வர் ஆனது, இப்போது பத்து. வந்தவர்களுக்கு அது தெரியாது. மீனுக்குள் போய்விட்டால் கூட யார் இருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை.

ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் ஓடையின் கண்காணிப்பாளர். நன்னீர் உயிரியல் படித்தவள். கரையோரம் இருந்த இணைப்பறையின் கண்ணாடி வழியாக மீனைப் பார்த்தாள். அது இரை தேடவில்லை. நகரவும் இல்லை. செவுள்கள் மட்டும் அடித்துக்கொண்டன. டிரவுட்டுக்குக் குளிர்ந்த, தெளிந்த நீர் வேண்டும். நீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். மணிக்கொரையில் நிழல் தந்த மரங்கள் போய்விட்டன. மேலே இருந்த அருவிக்குக் கீழே ஓடையில் வந்து சேரும் வாய்க்காலில் கேரட் கழுவும் இயந்திரங்கள் நாள் முழுவதும் சுழன்று சேற்றைத் தள்ளின. நிறுவனத்தின் விடுதியும் தன் சமையலறைக் கழிவை அதே வாய்க்காலில்தான் விட்டது.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இருந்தது. முன்பு நீர்நல வாரியத்தார் கருவிகளோடு வந்து ஓடையைச் சோதிப்பார்கள். உடனீந்தல் வந்தபின் கருவி எதற்கு என்று கேட்டார்கள். மீனுக்குள்ளேயே போய்வந்தவரைவிட நம்பகமான சாட்சி யார்? சட்டம் மாறியது. கரையேறியவர் புகார் சொன்னால் ஓடையை உடனே மூட வேண்டும். அதில் கலக்கும் வாய்க்கால்கள் அத்தனையையும் அடைக்க வேண்டும். புகார் இல்லையென்றால் ஓடை நலம்.

மணிக்கொரையில் ஒரு புகாரும் வந்ததில்லை. காரணம் இதமாக்கி. உயிரிழைக்கும் பட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து, மீனின் வேதனையை மட்டும் பிரித்தெடுத்துக் களைந்துவிடும் நிரல் அது. வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது குளிர்ச்சியும் மிதப்பும்தான்.

நிறுவனத்தின் மேலாளர் கிருபாகரன் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார்.

"சார், மழை வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க," என்றாள் ஜெசிந்தா. "விட்டா இந்தக் கோடையோட மிச்சமிருக்கற மீனும் போயிடும்."

"புகார் வந்திருக்கா?"

"மீன் புகார் குடுக்காது சார்."

"அதுக்குள்ள போய்ட்டு வந்தவங்களும் குடுக்கலையே." அவர் சிரித்தார். "நல்லா வேலை பார்க்கற, ஜெசி. ஆனா எப்பப் பாரு இழவு வீட்ல உட்கார்ந்த மாதிரியே பேசற."

அவளுடைய மௌனத்தை அவர் எப்போதும் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார். அன்றும் எடுத்துக்கொண்டு போனார்.

ஜெசிந்தா கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த பத்து முகமூடிகளையும் பார்த்தாள். மனிதர்கள் கொடியவர்கள் என்று அவள் நினைத்ததில்லை. அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தன் உடம்பில் உணர்ந்துவிட்ட வலியை யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது. அவளுடைய படிப்பும் வேலையும் அந்த ஒரே நம்பிக்கையின் மேல்தான் நின்றன.

அவள் கையை நீட்டி இதமாக்கியை அணைத்தாள்.

வரிசை முழுவதும் விறைத்தது. பத்து நெஞ்சுகள் மேலெழுந்து அப்படியே நின்றன. விரல்கள் நாற்காலிகளை இறுகப் பற்றின. யாரோ முனகினார்கள். மூச்சு இழுக்க இழுக்க உள்ளே ஒன்றும் வராத தவிப்பை, அந்த மீன் மாதக்கணக்கில் அனுபவிப்பதை, அவர்கள் அரைமணி நேரம் அனுபவித்தார்கள். நேரம் முடிந்ததும் முகமூடிகள் கழன்றன. முகங்கள் வியர்த்து வெளிறியிருந்தன. ஜெசிந்தா வெளியே போய் நின்றாள்.

முதலில் எழுந்தவர் கோதண்டம். கோயம்புத்தூரில் பம்பு செட் தொழிற்சாலை நடத்தி ஓய்வு பெற்றவர், ஆண்டுதோறும் வருபவர்.

"அம்மிணி, என்னுங்க இது?" என்றார் மூச்சு வாங்க.

"எப்படி இருந்துச்சு?"

"நெஞ்சே அடைச்சுப்போச்சுங்க! செத்தே போயிட்டேன்னு நெனச்சேன்." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தன வருசமா வர்றேன், கொழந்தைய தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரியே இருக்கும். இன்னிக்குத்தாங்க உசுரோட இருக்கறது தெரிஞ்சுது! நாளைக்கும் இதேதானுங்களே?"

மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அழுதபடியே சிரித்தார். எல்லோரும் ஓடைக்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள். மணிக்கொரை அதுவரை வாங்கியதிலேயே உயர்ந்த மதிப்பெண். மாலைக்குள் நீர்நல வாரியத்திலிருந்து பாராட்டும் வந்தது.

கிருபாகரன் அவளைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரவால்ல. இனிமே இதமாக்கியே வேணாம். மூச்சுமுட்டு வாரம்னு பேர் வச்சாச்சு, எல்லா நாற்காலியும் புக் ஆயிடுச்சு. ஆங், கேரட்காரங்ககிட்டயும் சொல்லிடணும், வாய்க்காலைக் கீய்க்காலைச் சுத்தம் பண்ணிடப் போறாங்க. தண்ணி தெளிஞ்சா மூச்சு முட்டாது பாரு."

"மீன் செத்துடும் சார்."

"பண்ணையிலேர்ந்து புதுசு வரும்."

அவள் ஓடையோரமாக மேலே நடந்து அருவியை அடைந்தாள். அருவிக்கு மேலே சோலைக்காடு மிச்சமிருந்தது. பாறையிடுக்கில் ஊறி வரும் தண்ணீர் அங்கே கையை வைத்தால் விறைக்கும். மீன்களால் அருவி ஏற முடியாது. சாலையும் நாற்காலிகளும் கீழே இருந்ததால் நிறுவனம் மீன்களையும் கீழேதான் விட்டது. பாறையில் உட்கார்ந்தாள். வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தாள். உணர்ந்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினாளே, அந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறர் வலி இவர்களுக்குச் சுற்றுலா. அப்படியென்றால் எந்த வலிதான் இவர்களுக்கு வலி?

எழுந்தபோது அதற்கு விடை இருந்தது.

மறுநாள் காலை, வரிசைக்கு ஒரு மீனாக மூன்று வரிசை நாற்காலிகளும் நிறைந்தபின், ஜெசிந்தா துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றினாள். குறட்டால் வளைத்தாள். கேரட் மூட்டை தைக்கும் நைலான் நூலில் அதைக் கட்டி, நூலைக் கற்பூர மரக் குச்சி ஒன்றில் முடிந்தாள். கரைமண்ணைக் கிளறி ஒரு மண்புழுவை எடுத்துக் கோத்தாள்.

தூண்டில் போட்டு யாரும் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. உடனீந்தல் தொடங்கிய ஆண்டிலேயே அதற்குத் தடை. மீன்களின் மேல் இரக்கம் என்று சட்டம் சொன்னது. பிடிபடும் மீனுக்குள் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்பதுதான் சட்டம் சொல்லாத காரணம்.

வலிக்காமல் மீன் பிடிக்கும் வலை இணைப்பறையின் மூலையில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஆனால் ஒரு பட்டையை எடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். அருவிக்கு மேலிருந்து நிரப்பிவந்த சிறிய நீல டிரம்மைக் கரையில் வைத்துவிட்டு முழங்கால் நீரில் இறங்கினாள்.

பண்ணையில் வளர்ந்த மீன்கள் மனித நிழலைக் கண்டு ஓடுவதில்லை. நிழல் விழுந்தால் தீனி விழும் என்றுதான் அவை கற்றிருந்தன. பாறையடியிலிருந்து அந்த டிரவுட் தள்ளாடி மேலே வந்தது. புழுவைக் கவ்வியது.

அவள் சுண்டினாள்.

மேலுதட்டில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. ஜெசிந்தாவின் கண்களில் நீர் வந்தது, குச்சியை விடவில்லை. கரையில் பத்துப் பேர் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தார்கள். பத்துத் தலைகளும் ஒரே பக்கம் இழுபட்டன.

"வாயி! என்ற வாயி!" கோதண்டம் அலறினார்.

மீன் காற்றில் துடித்தது. சிலர் முகமூடியைப் பிய்த்தெறிந்தார்கள். பட்டையைக் கழற்றத் தோன்றாமல் உதட்டைப் பொத்திக்கொண்டார்கள். அவள் ஊக்கை மெல்ல உருவி மீனை டிரம்மில் விட்டாள். ஊற்றுநீரின் குளிர் எல்லோருக்குள்ளும் பாய்ந்தது. கதறிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தி ஆழமாக மூச்சு விட்டார்கள்.

அவள் அடுத்த புழுவைக் கோத்தாள். இரண்டாம் வரிசை துள்ளியது. பிறகு மூன்றாவது.

"ஜெசி! கீழே போடு அதை!" கிருபாகரன் ஓடிவந்தார். தண்ணீரில் கால் வைத்தவர் கேரட் சேற்றில் முழங்கால்வரை புதைந்தார். "இது குற்றம்! உனக்குப் பைத்தியமா?"

"மீன் பிடிக்கிறேன் சார்."

"உள்ளே ஆளுங்க இருக்காங்க!"

"நேத்தும் இருந்தாங்க."

அவர் காலைப் பிடுங்கிக்கொண்டு போய் இணைப்பை அணைப்பதற்குள் ஓடையில் மீனே இல்லை. எல்லோரும் உதடுகளோடு மல்லாடிக்கொண்டிருந்ததால் டிரம்மை முதுகில் தூக்கிக்கொண்டு அருவிப்பாதையில் ஏறியவளை யாரும் தடுக்கவில்லை. வழியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாள். சோலைக்குள், பாறை மறைவில் இருந்த குட்டையில் டிரம்மைச் சாய்த்தாள். மீன்கள் சிறிது நேரம் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு ஒன்று வாலை அசைத்து, ஓட்டத்தை எதிர்த்துத் தலையைத் திருப்பியது. அப்போது அது என்ன உணர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டை அடங்கிவிட்டிருந்தது. தெரியாமல் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

மதியம் நீர்நல வாரியத்தின் அதிகாரி நிலோஃபர் வந்தார். ஓடை மூடப்பட்டது. சட்டப்படி வாய்க்கால்களும் அடைக்கப்பட்டன. கேரட் இயந்திரங்கள் நின்றதும் பள்ளத்தாக்கு முழுவதும் ஓர் அமைதி பரவியது. கிருபாகரன் பேச்சை நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மணிக்கொரையோட முதல் புகார்," என்றார் நிலோஃபர். "ஒண்ணு இல்லை, வந்தவங்க எல்லாரும் குடுத்திருக்காங்க."

"மீனைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க மேடம்?" ஜெசிந்தா கேட்டாள்.

நிலோஃபர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "ஒண்ணுமில்லை. எல்லாம் அவங்கவங்க உதடு."

கரையில் உட்கார்ந்திருந்த கோதண்டம் ஈரத்துண்டை வாயில் வைத்தபடி முறைத்தார். "உங்களுக்கு ஈவிரக்கமே இல்லீங்களா அம்மிணி?"

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

"காரணம் நீங்கினா திறந்துடலாம்," என்றார் நிலோஃபர். "புகாருக்குக் காரணம் தண்ணி இல்லை, நீங்க. இனிமே தூண்டில் போட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் திறக்க உத்தரவு போட்டுட்டுக் கிளம்பறேன்."

"சொல்லித் தொலை, ஜெசி," என்றார் கிருபாகரன். அவர் கால்சட்டையில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. "வழக்கில்லாம நான் பார்த்துக்கறேன். நாளைக்கே புது மீன் வந்துடும். இல்லேன்னா உள்ளே போயிடுவ."

"போறேன் சார். திரும்பி வந்து போடுவேன்." அவள் உதட்டில் காயமில்லை, வலி மட்டும் இன்னும் இருந்தது. "நான் வர்ற வரைக்கும் வேற யாராவது போடுவாங்க. ஊக்கு இல்லாத வீடு எது மேடம் இந்த மலையில?"

நிலோஃபர் திரையிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இயந்திரங்களின் இரைச்சலில் இத்தனை ஆண்டுகளாகக் கேட்காதிருந்த ஓடையின் சத்தம் கேட்டது.

"அப்ப நான் என்னன்னு எழுதட்டும்?"

"நாளைக்கும் போடுவேன்னு எழுதிக்கோங்க."

நிலோஃபர் எழுதினார்: ஆபத்து நீடிக்கிறது. மறு உத்தரவு வரும்வரை வாய்க்கால்களைத் திறக்கக் கூடாது, யாரும் ஓடையில் இறங்கக் கூடாது.