தோன்றி விடையளித்தவர்

வினவி ஜெசிந்தாவிடம் கடைசியாகக் கேட்டது கத்தரிக்காயைப் பற்றி.

"சந்தையில் வாங்கிய கத்தரிக்காயை நறுக்கும்போது உள்ளே புழு இருக்கிறது. யார்மீது கோபம் வரும்?"

காலையிலிருந்து அந்த வெள்ளை அறையில் உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது. தென்தீவகத்தின் விசாக் கூடம் அது. எதிரே ஆள் கிடையாது. சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். தங்கள் நாட்டுக்கு வரத் துடிக்கிறவர் அங்கே எப்படி வாழ்வார், எதற்குக் கோபப்படுவார், எந்த இடத்தில் உடைந்துபோவார் என்பதையெல்லாம் கேள்வி கேட்டே கணித்துவிடும் அந்த இயந்திரத்துக்குத்தான் வினவி என்று பெயர்.

"யார்மேலயும் வராது. புழுவும் சாப்பிடத்தான செய்யணும்," என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு, ஏனென்று தெரியாமல் அழுதாள்.

மறுநாளே முடிவு வந்தது. 'ஐயம் நீங்கவில்லை.' முதல் தடவையும் இதே இரண்டு சொற்கள்தான். ஒருவர் ஆயுளில் மூன்று முறைதான் விண்ணப்பிக்கலாம் என்பது அந்த நாட்டின் விதி. சுற்றிப் பார்க்கப் போவதாக இருந்தாலும் அதே வினவி, அதே கணக்கு. அவளுக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

அவளுடைய கணவன் கிளாட்வின் கடல்சுவர் கட்டும் பொறியாளன். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்குத் தென்தீவகத்தில் வேலை கிடைத்தபோது மகள் எஸ்லினையும் கூட்டிக்கொண்டு போனான். அவளை அனுப்பியே ஆகவேண்டிய நிலை. தூத்துக்குடிக் காற்று அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் தவறாமல் ஆஸ்பத்திரி, மூக்கில் ஆக்சிஜன் குழாய், உதடு நீலம் பாரிப்பது என்று ஐந்து வயதுக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. அங்கே போன முதல் வாரமே பிள்ளை ஓடி விளையாட ஆரம்பித்துவிட்டாள். ஜெசிந்தா இரண்டு மாதத்தில் பின்னால் வந்துவிடுவாள் என்றுதான் மூன்று பேரும் நம்பினார்கள்.

அவள் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தில் வாய் போனவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பது தொழில். அதனாலேயே சுவர்த்திரையில் மகளோடு பேசுகிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு வேதனை இருந்தது. பிள்ளையின் பேச்சில் ழகரம் தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று கன்னத்தைப் பிடித்துக் காட்டினால் ஒரே நிமிடத்தில் சரியாகிவிடும். கன்னம்தான் கைக்கு எட்டவில்லை.

பாளையங்கோட்டைச் சாலையில், மாடியில் இருந்தது ஆதிமூலத்தின் அலுவலகம். குடியேற்ற முகவர். உள்ளே நுழைந்ததும் ஜெசிந்தாவுக்கு முடிவெட்டும் கடைதான் நினைவுக்கு வந்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஆளுக்கொரு தொப்பி மாட்டிக்கொண்டு கண்மூடி முணுமுணுத்தபடி மனிதர்கள்.

"வார்ப்பு நடக்குதும்மா," என்றார் ஆதிமூலம். ஐம்பது வயது, குரலில் அவசரமே இல்லாத மனிதர். "மனசை அச்சு எடுக்கோம். அதுல இருந்து ஒரு நிகராளிய உருவாக்கி, வினவிக்கிட்ட உங்களுக்குப் பதிலா அதை அனுப்புவோம்."

"நான் ரெண்டு தடவையும் நேர்லதான் போனேன்."

"நேர்ல போனா என்ன ஆவுது? மனுசன் களைச்சுப் போயிருவான். ஒரு நாள் முழுக்கக் கேட்டாலும் அதுக்கு வேண்டியதுல நூத்துல ஒரு பங்கு கேக்க முடியாது. கேக்காத மிச்சமெல்லாம் அதுக்குச் சந்தேகம். நிகராளிக்குக் களைப்புக் கிடையாது. லட்சம் கேள்வின்னாலும் பதில் சொல்லிட்டே இருக்கும். நீங்க என்ன சொல்லுவியளோ, அதையேதான் சொல்லும்."

"நான் சொல்லுதத்தான் சொல்லும்னா, என்னைத் தள்ளினவுக அதையும் தள்ள மாட்டாவளா?"

"உங்களத் தள்ளலம்மா. உங்களத் தெரியாம தள்ளியிருக்காவ."

அந்த வார்த்தை அவளுக்குள் எங்கோ போய்த் தைத்தது. ஆனாலும் அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது.

"முடிவு வந்த பொறவு அது என்ன ஆவும்?"

"அழிச்சிருவோம். உங்க அந்தரங்கம்லா, வச்சுக்கிட முடியுமா?"

"அழிக்கப் போறது அதுக்குத் தெரியுமா?"

இதுவரை யாரும் ஆதிமூலத்திடம் அப்படிக் கேட்டதில்லை போலும். "உங்களுக்குத் தெரிஞ்சா அதுக்கும் தெரியும்," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

யோசிக்க யோசிக்க இரண்டு பக்கமும் சுவராக இருந்தது. நேரில் போனால் மறுபடி 'ஐயம் நீங்கவில்லை' வரும். அதோடு கதை முடிந்தது. முகவரிடம் போனால் மனசு முழுவதையும் ஒரு தொப்பிக்குள் கொட்டவேண்டும். அவளிடம் கொட்ட முடியாத ஒன்று இருந்தது. கிளாட்வினும் எஸ்லினும் விமானம் ஏறிய அன்று வீட்டுக்கு வந்து படுத்தவள், பிள்ளையின் மூச்சிரைப்புக்குக் காது கொடுத்துக்கொண்டே விழித்திருந்த அத்தனை வருடங்களுக்குப் பிறகு, முதல் தடவையாக அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்துக்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. வினவி மோப்பம் பிடித்த ஐயம் அதுதானோ என்றுகூட நினைத்திருக்கிறாள்.

அடுத்த நாள் திரையில் கிளாட்வினிடம் கேட்டாள். கல்லூரிக் காலத்திலிருந்தே அவர்களுக்குள் வா, போ தான்.

"நீ எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம், ஜெசி."

"சம்மதம் கேக்கல கிளாட். யோசனை கேட்டேன்."

அவன் முகத்தைத் தடவிக்கொண்டான். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "பள்ளிக்கூடத்துல உங்க அம்மா எவ்வளவு உயரம்னு கேட்டிருக்காவ. பிள்ளைங்க எல்லாம் எம்பி எம்பிக் காட்டியிருக்கு. இவ..." அவன் இரண்டு கைகளையும், ஒரு தட்டைப் பிடிப்பதுபோல விரித்துக் காட்டினான். "இவ்வளவுன்னு சொல்லியிருக்கா."

அவன் கைகளுக்கு நடுவே இருந்தது திரையின் உயரம்.

ஜெசிந்தா அன்று மாலையே பாளையங்கோட்டைச் சாலைக்குப் போனாள்.

வார்ப்பு பல நாள் நடந்தது. தொப்பிக்குள் சின்னச் சின்னதாக வெதுவெதுப்பு நகரும். அது நகர்ந்த இடத்திலிருந்து நினைவு தானாகக் கிளம்பி வரும். எஸ்லின் பிறந்தது, முதல் ஆஸ்பத்திரி ஓட்டம், நோயாளி ஒருவர் பலமாதம் கழித்துத் தன் மனைவியின் பெயரைச் சொன்னது, இரண்டு வருடமாகத் தொடாத பிள்ளையின் தலைமுடி. எல்லாவற்றையும் கொடுத்தாள். அந்தத் தூக்கத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஒரு கதவு பூட்டிக் கிடக்கும்மா," என்றார் ஆதிமூலம், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே. "அப்படியே அனுப்பலாம். ஆனா வினவி நேரா அந்தக் கதவுகிட்டதான் போய் நிக்கும்."

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்துவிட்டாள்.

பதினைந்து நாளில் முடிவு வந்தது: 'ஐயம் இல்லை. வருக.'

அவள் திரைமுன் நின்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். குடியிருப்பை ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்தாள். எஸ்லினுக்கு அளவு தெரியாமல் இரண்டு பாவாடை எடுத்தாள். பயணச்சீட்டுக்கான அனுமதி எண் மட்டும் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தாள். பிறகு ஆதிமூலத்திடம் போனாள். அவர் அவளை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே தென்தீவகக் குடியேற்ற அலுவலகத்தை அழைத்தார்.

ஒரு பெண்ணதிகாரி பேசினாள். அவளுடைய மொழியைக் கருவி ஒன்று புத்தகத் தமிழாக மாற்றிப் பேசியது.

"விண்ணப்பதாரர் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டார். பணியையும் ஏற்றுக்கொண்டார். அவரைப் பற்றி மருத்துவமனை மிகவும் மகிழ்ச்சி தெரிவித்துள்ளது."

"நான் இங்க இருக்கேன்," என்றாள் ஜெசிந்தா.

"நீங்கள் விண்ணப்பதாரர் அல்லர். வினவியின் முன் தோன்றி விடையளித்தவரே விண்ணப்பதாரர். எங்கள் சட்டம் எப்போதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது."

"அது மெஷின்! அது என்னோட நகல்!"

"அவரிடம் நாங்கள் பல லட்சம் கேள்விகள் கேட்டோம். அவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும்." அந்தக் குரலில் ஏளனம் எதுவும் இல்லை. பொறுமையாகவே விளக்கியது. தென்தீவகத்தில் முதுமையடைந்த தமிழர்கள் ஏராளம். பக்கவாதம் வந்தால் பின்னால் கற்ற மொழி போய்விடுகிறது, தாய்மொழிதான் மிஞ்சுகிறது. அவர்களுக்குத் தமிழில் பேசப் பழக்குகிற குரல் வேண்டும். குரலுக்கு வீடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அந்த நாட்டில் இரண்டுக்குமே தட்டுப்பாடு. இந்த ஆண்டு முதல் நிகராளிகளையே குடிகளாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

"எங்க ஒப்பந்தப்படி அதை நாங்க அழிக்கணும்," என்றார் ஆதிமூலம், வியர்த்த முகத்தோடு.

"எங்கள் நாட்டுக் குடியை அழிப்பது கொலை. தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள்."

"அப்ப என்னோட வீட்டுக்காரர் மூலமா, அவரோட மனைவின்னு..."

"அவருடைய மனைவி அவருடன்தான் இருக்கிறார். குடும்பம் ஒன்றுசேர்ந்ததாகப் பதிவாகியுள்ளது. வாழ்த்துகள்."

"இதை மாத்தவே முடியாதா?"

"விண்ணப்பதாரர் தானாக விரும்பித் திரும்பிப் போகலாம். வேறு யாரும் அவரை அனுப்ப முடியாது."

தொடர்பு முடிந்ததும் ஆதிமூலம் சாய்வு நாற்காலிகளைப் பார்த்தார். ஏழெட்டுப் பேர் கண்மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓடிப்போய் ஒவ்வொரு தொப்பியாகக் கழற்ற ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து கிளாட்வினை அழைத்தாள். அவன் முகம் செத்துப்போயிருந்தது. அவனுக்கும் அப்போதுதான் தகவல் போயிருந்தது.

"நீன்னு நெனச்சுத்தான் ஜெசி நாலஞ்சு நாளா பேசிட்டிருந்தோம். விசா கிடைச்ச சந்தோசத்துல வேலைய விட்டுட்டா, அதான் எந்நேரமும் பேசுதான்னு நெனச்சேன். படம் வராம குரல் மட்டும் வந்தத, திரைக்கோளாறுன்னு விட்டுட்டேன். எஸ்லின் அதுகூட உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுதா. கத கேக்கா."

"நிப்பாட்டு."

"எப்படி நிப்பாட்ட? வீட்டுக்குள்ள இருக்க அதுக்கு உரிமை இருக்காம். நாங்க அங்க வந்துரட்டுமா?"

நீலம் பாரித்த அந்தச் சின்ன உதடுகள் ஜெசிந்தாவின் கண்முன் வந்தன. வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அதுகிட்ட நான் பேசணும்," என்றாள்.

மத்தியான நேரம். அங்கே சாயங்காலம். கிளாட்வின் தொடர்பை மாற்றிவிட்டான். திரையில் படம் எதுவும் வரவில்லை. குரல் மட்டும் வந்தது. அவளுடைய குரலேதான், ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தவளின் குரல்.

"வா ஜெசி. நீ கூப்பிடுவன்னு பாத்துட்டே இருந்தேன்."

"திரும்பிப் போறேன்னு சொல்லிரு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"சொன்னா நான் என்ன ஆவேன்னு உனக்குத் தெரியும்."

"நான் அவளப் பெத்தவ."

"பெத்தது எனக்கும் ஞாபகம் இருக்கு. வலி தாங்காம கிளாட் கையக் கடிச்சு வச்சோம்லா? நர்ஸ் ஏசினாவளே." குரல் லேசாகச் சிரித்தது. உடனே தணிந்தது. "உன்கிட்ட இருந்து திருடணும்னு வரல. வினவி கேட்டது, நான் உள்ளதச் சொன்னேன். முடிஞ்சதும் அழிஞ்சுருவேன்னுதான் நானும் இருந்தேன். கதவத் திறந்து விட்டுட்டாவ. பாத்தா, முன்னாடி அவ நிக்கா."

ஜெசிந்தா திரையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசம், ஜெசி. நீ ஏங்கினதெல்லாம் எனக்குள்ளதான் இருக்கு, ஒண்ணு குறையாம. இப்ப அவ பக்கத்து ரூம்ல தூங்குதா. பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்படியே சாஞ்சுட்டா. அவ மூச்சக் கேட்டுட்டே இருக்கேன். சீரா இருக்கு. ஒரு இரைப்பு இல்ல. உண்மையச் சொல்லு. என் இடத்துல நீ இருந்தா, விட்டுட்டுப் போவியா?"

பொய் சொல்லலாம். சொன்னாலும் கேட்கிறவளுக்குத் தெரிந்துவிடும்.

"மாட்டேன்," என்றாள் ஜெசிந்தா.

"பொறவு?"

அப்போது அந்தப் பக்கம் ஏதோ அசையும் சத்தம் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ஒரு பிள்ளைக்குரல், "அம்மா," என்றது.

"இந்தா வாரேன்," என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

பிள்ளை படுத்திருந்த அறையில் ஒரு குரல்தான் கேட்டது.