திருப்பி மாட்டிய சீட்

காலை 6.45.

சின்னவர் கார் ஷெட்டில் மல்லாந்து கிடந்தார். மண்டையின் வலது பக்கம் உள்ளே போயிருந்தது. தாடை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. பக்கத்தில் வீல் ஸ்பேனர், நுனியில் முடி ஒட்டிக்கொண்டு. அதற்கும் அந்தப் பக்கம், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பளபளத்துக்கொண்டு நின்றது. முன்னால் இரண்டே சீட், பின்னால் ஒன்றும் கிடையாது.

முதலில் பார்த்தவள் அவர் மனைவி. இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை. அவள் போட்ட அலறலில் தெருவே எழுந்து வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது ஏட்டு ஏற்கெனவே கேஸை முடித்து வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் முன்கோபக்காரி. முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஏட்டுக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்காது.

"பொண்டாட்டிதாம்மா."

"வந்து கால வைக்கல, அதுக்குள்ளயா?"

"கேளுங்களேன். வாசல் கேமராவுல ராத்திரி ஒன்பது இருபதுக்கு இந்தக் கார் உள்ள வருது. வேற வண்டியே வரல. மேலேர்ந்து எடுக்கிற கேமரா, காரோட கூரை மட்டும்தான் தெரியுது. சரி, வெளிய எங்கயோ அடிச்சுக் கொன்னு இதுலயே ஏத்திட்டு வந்தாங்கன்னு வெச்சுக்குவோம். எங்க ஏத்துவாங்க? டிக்கியில ஒரு பை வெச்சா மூட முடியல. பக்கத்து சீட்டுல குழந்தை சீட்டு கட்டியிருக்கு. அப்ப மனுஷன் உயிரோட ஓட்டிட்டு வந்திருக்காரு, இங்கதான் அடி விழுந்திருக்கு. வீட்டுல இருந்தது அவங்க ஒருத்திதான்."

"பின்கதவு?"

"இருக்கும்மா. ஆள் நடந்து போகலாம், வரலாம். கேமரா இல்ல."

இன்ஸ்பெக்டர் குனிந்து தரையைப் பார்த்தாள். தலைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். சுவரில் ஒரு சொட்டு இல்லை. காரின் கதவில் இல்லை.

"இந்த அடிக்கு இவ்வளவுதானா ரத்தம்?"

"கழுவியிருப்பாங்கம்மா."

"தரையில தூசி அப்படியே இருக்கு, ரத்தத்தை மட்டும் கழுவினாங்களா? நல்ல கைதான் போங்க."



அவள் காரின் கதவைத் திறந்தாள். குழந்தை சீட் கறுப்பு நிறம், புத்தம் புதிது. முன் கண்ணாடியைப் பார்த்தபடி மாட்டப்பட்டிருந்தது. கையை வைத்து ஆட்டினாள், கிடுகிடுவென்று ஆடியது. காரின் இருக்கையோ பந்தயக் காருக்கு உரியது. இரண்டு பக்கமும் உயர்ந்த விளிம்பு, தோள் உயரத்தில் பெல்ட் நுழைக்க இரண்டு ஓட்டை. குழந்தை சீட்டின் உச்சியிலிருந்த பட்டையை யாரோ இடது ஓட்டைக்குள் நுழைத்து, சுற்றி எடுத்து, அதே பட்டையில் கொக்கியை மாட்டியிருந்தார்கள்.

உடம்பை மடக்கி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது: பக்கத்து சீட்டின் ஏர்பேக் அணைக்கப்பட்டிருக்கிறது.

"ஏட்டய்யா, இந்தக் குழந்தை சீட்டைக் கழட்டுங்க."

ஏட்டு மல்லுக்கட்டினார். திட்டினார். வியர்த்தார். காரின் பெல்ட், குழந்தை சீட்டின் துணிக்கு அடியில் ஒரு மடிப்புக்குள் போய் வந்திருந்தது. அந்த மடிப்பைக் கண்டுபிடிப்பதற்குள் அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது.

"ரெண்டு பேரப்பிள்ளை பாத்தவன் நான். இந்தக் கருமத்தை எவன் கண்டுபிடிச்சான்?"

சீட்டைத் தூக்கியதும் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்தாள். கார் இருக்கையின் தோலில், முன் விளிம்பை ஒட்டி இரண்டு ஆழமான பள்ளங்கள். யாரோ முட்டி போட்டு, தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இறுக்கினால்தான் அப்படிப் பதியும். குழந்தை சீட் இப்போது இருந்த இடத்திலோ லேசான கோடு மட்டும். பிறகு பெல்ட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். மடிப்புக்குள் மறைந்திருந்த இடத்தில் கறுப்பு பெல்ட் விறைப்பாக இருந்தது. ஈர டிஷ்யூவால் தேய்த்தாள். டிஷ்யூ பழுப்பாகியது.

"காப்பி கொட்டியிருப்பாரும்மா" என்றார் ஏட்டு.

அவள் டிஷ்யூவை உறையில் போட்டாள்.

காலை 10.30.

குழந்தை சீட் விற்கும் கடைக்குப் போன ஏட்டு, முகமெல்லாம் வெற்றியாகத் திரும்பி வந்தார்.

"நேத்து மதியம் புருஷனும் பொண்டாட்டியும் கடையில போட்ட சண்டை ஊருக்கே கேட்டிருக்கும்மா. நாலு சீட்டு வெச்சுப் பாத்திருக்காங்க. ஒண்ணு அந்தப் பந்தய சீட்டோட விளிம்புக்குள்ள இறங்கல. ஒண்ணு கியர்ல இடிச்சுது. ஒண்ணு வெச்சா கதவு சாத்தல. கடைசியா ஒண்ணு பொருந்துச்சு. எப்படி வேணா மாட்டலாமாம், முன்னால பாத்தும், பின்னால பாத்தும். அங்கதான் சண்டை. பிள்ளை முன்னால பாக்கணும்கிறாரு இவரு. முடியாதுங்கிறாங்க அவங்க. போகும்போது என்ன கத்தினாங்கன்னு கடைக்காரர் அப்படியே சொன்னாரு. 'முன்னால பாத்து மாட்டினே, உன்னைக் கொன்னுடுவேன்.'"

"அப்புறம்?"

"டாக்சி பிடிச்சுப் போயிட்டாங்க. இவரு, நானே மாட்டிக்கிறேன்னு சீட்டை வாங்கிட்டுக் கிளம்பிட்டாரு. எப்படி மாட்டினாரு? முன்னால பாத்து. அந்தம்மா என்ன செஞ்சாங்க? சொன்னதைச் செஞ்சுட்டாங்க."

பதிலே இல்லாத மாதிரிதான் இருந்தது. மேலதிகாரியும் போனில் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் மனைவியைச் சிறைக்கு அனுப்ப வேண்டும். குழந்தையை நெருங்கிய சொந்தம் என்று சின்னவரின் அண்ணன் கேட்டிருக்கிறார். ஐந்து மணிக்கு ஒப்படைத்துவிட வேண்டும்.

விசாரணை அறையில் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கொன்னுடுவேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். கழுத்து இன்னும் பலப்படாத பிள்ளை மேடம். முன்னால பாத்து உக்கார வெச்சு சடார்னு பிரேக் போட்டா தலை என்ன ஆகும்? பின்னால பாத்து உக்காந்தா முதுகு தாங்கிக்கும். அவருக்குப் பிள்ளை ரோட்டைப் பாத்துக்கிட்டே வரணும்னு ஆசை. ஆத்திரத்துல கத்திட்டேன்." குழந்தையை மறு பக்கம் மாற்றிக்கொண்டாள். "எப்படி மாட்டியிருந்தாரு? நான் பாக்கல. அவரைத்தான் பாத்தேன்."

"முன்னால பாத்து."

அவள் முகம் சுருங்கியது. செத்தவன் மேல் வருகிற கோபம் மாதிரிக் கொடுமை வேறில்லை. திட்டவும் முடியாது, விடவும் முடியாது. "கடைசி வரைக்கும் என் பேச்சைக் கேக்கல, பாத்தீங்களா" என்றாள்.

"நேத்து சாயங்காலம் எங்க போனாரு?"

"அண்ணன் கோடவுனுக்கு. அண்ணி கையை அவர் அண்ணன் உடைச்சது தெரியுமா உங்களுக்கு? அவங்களை ஒளிச்சு வெச்சதே நாங்கதான். வர்ற வாரம் கோர்ட்டுல இவர் சாட்சி சொல்றதா இருந்தாரு. ஒளிஞ்சு சொல்ல மாட்டேன், நேர்லயே சொல்லிட்டு வர்றேன்னு போனாரு. நான் பிள்ளையோட எட்டு மணிக்கே தூங்கிட்டேன்." குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "என்னை எங்க வேணா அனுப்புங்க. பிள்ளையை மட்டும் அந்த ஆள் கையில குடுத்துடாதீங்க. உங்க கால்ல விழறேன்."

பகல் 1.00.

சின்னவரின் அண்ணன், பெரியவர், வந்தார். வாசலில் கார் கதவைத் திறக்க ஒரு நிமிடம் தாமதித்த டிரைவருக்குப் பளாரென்று ஒன்று விழுந்தது. டிரைவரின் உதடு கிழிந்தது. பெரியவர் கையை உதறிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. இன்று உரிந்த தோல் அல்ல.

"தம்பி நேத்து வந்தாரா?"

"வந்தான். பேசினான். ஆறு மணிக்குப் போயிட்டான்."

"சண்டையா?"

"அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

"கார்ல குழந்தை சீட்டு இருந்துச்சா?"

"நான் எங்கம்மா பாத்தேன்? காரை வெளிய போட்டுட்டு உள்ள வந்தான், போனான். அப்படி ஒண்ணு வாங்கினதே எனக்குத் தெரியாது."

"கை என்னாச்சு?"

"கோடவுன்ல பெட்டி இடிச்சுது. அப்புறம், தம்பி ஓட்டின கார் எங்க கம்பெனி பேர்ல இருக்கு. பிள்ளையோட அதையும் எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா" என்றாள் இன்ஸ்பெக்டர். ஏட்டு அவளை வெறித்துப் பார்த்தார்.

பெரியவர் போனதும் அவர் பொருமினார். "அந்த முரடன்கிட்டயா பிள்ளையைக் குடுக்கப் போறீங்க?"

"ஐயோ பாவம்னு இருக்கா? காலையில தாயை உள்ள தள்ள அவ்வளவு அவசரப்பட்டீங்களே!"

மாலை 5.00.

ஸ்டேஷன் முற்றத்தில் சிவப்புக் கார் நின்றது. குழந்தை சீட்டு தனியாக ஒரு பெட்டிக்குள். குழந்தை ஒரு பெண் போலீஸின் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தது. தாயை ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"சீட்டுல உக்கார வெச்சாதான் பிள்ளையை அனுப்ப முடியும் சார். எங்களுக்கு மாட்டத் தெரியல. காலையில கழட்டவே ஏட்டு உயிர் போயி உயிர் வந்துச்சு."

"நகருங்க. மூணு பிள்ளை வளர்த்தவன் நான்."

பெட்டியைக் கிழித்தார். சீட்டைத் தூக்கி, முன்னால் பார்த்து இறக்கினார். பெல்ட்டை இழுத்தார். இடது கை தானாகத் துணிக்கு அடியில் போயிற்று. மடிப்பைத் தூக்கியது. பெல்ட் உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. பிறகு உச்சிப் பட்டையை எடுத்து, இடது ஓட்டைக்குள் விட்டு, சுற்றி, அதே பட்டையில் கொக்கியை மாட்டினார். மொத்தமும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"வாங்கினதே தெரியாத சீட்டு" என்றாள் இன்ஸ்பெக்டர். "அந்த மடிப்பு எங்க இருக்குன்னு கை மட்டும் எப்படி சார் கண்டுபிடிச்சுது?"

பெரியவர் திரும்பவில்லை.

"காலையில இந்த ஓட்டையிலதான் பட்டை இருந்துச்சு. இப்படியேதான் கொக்கி. ஆனா உங்க தம்பி இப்படி மாட்டல. இந்தக் கார்ல சாவி போட்டு ஏர்பேக்கை அணைச்சிருக்காரு. சீட்டைப் பின்னால பாத்து மாட்டுறவன்தான் அதை முக்கியமா அணைக்கணும். இல்லேன்னா பை வெடிச்சு பிள்ளை மேலேயே அறையும். பின்னால பாத்து மாட்டினாதான் அடிப்பாகம் முன் விளிம்புல அழுந்தும், தோல்ல பதிஞ்ச பள்ளமும் அங்கதான் இருக்கு. அப்புறம் யாரோ சீட்டைக் கழட்டி, மறுபடி மாட்டியிருக்காங்க. ஏன் கழட்டணும்? இந்தக் கார்ல ஒரு பொணத்தை வெக்க அந்த இடத்தை விட்டா வேற இடமே இல்ல. உக்கார வெச்சு பெல்ட் போட்டு, கழட்டின சீட்டை அவர் மடியிலயே வெச்சுக் கொண்டு வந்தீங்க. உடைஞ்ச தலையிலேர்ந்து வடிஞ்சது கறுப்பு பெல்ட்டுல உங்க கண்ணுக்குத் தெரியல. அதே பெல்ட்டை மடிப்புக்குள்ள மறைச்சுட்டீங்க. அது காப்பி இல்ல, மனுஷ ரத்தம்னு லேப்ல மதியமே சொல்லிட்டாங்க. பொணத்தை ஷெட்டுல போட்டு, சீட்டை மாட்டிட்டு, பின்கதவு வழியா நடந்தீங்க. உங்க கோடவுன்ல இப்ப எங்க ஆளுங்க தரையைச் சுரண்டிக்கிட்டு இருக்காங்க."

பெரியவர் திரும்பினார். அந்த உடம்புக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் கழுத்தைப் பிடித்துக் காரின் மேல் அறைந்தார். அவள் பின்மண்டை கதவு விளிம்பில் மோதித் தோல் பிளந்தது. இரண்டாவது முறை அறைந்தபோது கண்ணாடியில் விரிசல் ஓடியது. மூன்றாவதுக்கு ஏட்டு விடவில்லை. லத்தி முழங்கையில் இறங்கியது, எலும்பு முறியும் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. இன்னொரு அடி முழங்காலில். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள்.

தரையில் கன்னம் அழுந்தக் கிடந்தபடி பெரியவர் கத்தினார். "எனக்கு எதிராவே சாட்சி சொல்லுவானாம்! தோள்ல தூக்கி வளர்த்தேன் அவனை! ஒரு வேலை உருப்படியாச் செஞ்சிருக்கானா? அந்த சீட்டைக்கூடத் தலைகீழா மாட்டி வெச்சிருந்தான். பிள்ளை பின்னால பாக்குற மாதிரி! எவனாவது அப்படி மாட்டுவானா? நான்தான் சரி பண்ணினேன்!"

 

இன்ஸ்பெக்டர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தம்பியைக் கொன்று கிடத்திவிட்டு, அவன் வேலையில் குற்றம் கண்டுபிடித்துத் திருத்தியும் விட்டுப் போயிருக்கிறான் இந்த ஆள். அந்தத் திருத்தம் மட்டும் இல்லையென்றால் அவளுக்குப் பிடிப்பதற்கு ஒரு நூல்கூடக் கிடைத்திருக்காது.

ஜன்னலுக்குப் பின்னால் நின்றவளை வெளியே விட்டார்கள். அவள் பெரியவரைப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு நேராக இன்ஸ்பெக்டரிடம் வந்தாள்.

"என்ன சொன்னான் அவன்? பின்னால பாத்தா இருந்துச்சு?"

"ஆமாம்மா. நீங்க சொன்ன மாதிரிதான் மாட்டியிருந்தாரு."

அவள் காரின் பக்கம் போனாள். ஏட்டு அதற்குள் குழந்தை சீட்டைக் கழற்றி எடுத்திருந்தார். திறந்திருந்த கதவு வழியாக அந்த வெற்று இருக்கையைப் பார்த்தாள். தோலில் இரண்டு பள்ளங்கள் இன்னும் மேடாகாமல் இருந்தன. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. குழந்தையின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏட்டு தன் கைக்குட்டையை எடுத்து இன்ஸ்பெக்டரின் பின்மண்டையில் வைத்து அழுத்தினார்.

"ஆஸ்பத்திரி போலாம்மா."

"போலாம். முதல்ல அவங்களை வீட்டுல விடணும். ஜீப்புல அந்த சீட்டை மாட்டுங்க."

"எப்படிம்மா?"

"பின்னால பாத்து."

இந்த முறை ஏட்டு மடிப்பை உடனே கண்டுபிடித்துவிட்டார்.