முதலிடத்தில் ரோகிணி

கல்லூரி முதல்வர் அருளப்பன் வந்தபோது தெரசம்மாள் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குற்றப்பிரிவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றுக் கொடைக்கானலில் குடியேறியவர். வந்தவரை உட்காரச் சொன்னார். கத்தியைக் கீழே வைக்கவில்லை. தெரசம்மாளின் ஜீப்பை ஓட்டும் செந்தில்வேல், யாரும் கூப்பிடாமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். வழக்கு என்று வந்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"செத்துப்போன பிள்ளை க்விஸ்ல பதில் சொல்லுது மேடம்," என்றார் அருளப்பன்.

விஷயம் இதுதான். பொருளியல் விரிவுரையாளர் சந்தோஷ்குமார் வகுப்பில் கேள்விகளைத் திரையில் போடுவார். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரில் உள்ளே நுழைந்து, செல்போனில் பதிலை அழுத்துவார்கள். யார் முந்துகிறார் என்று அப்போதைக்கப்போது திரையிலேயே தெரியும். நல்ல முறைதான், நடத்துகிறவன் நல்லவனாக இருந்தால். மூன்று மாதத்துக்கு முன் அவர் நான்கு மாணவர்களின் பெயரைக் கொடுத்து ஒரு கேள்வி போட்டார்: "இந்த வகுப்பில் எந்த ஜென்மத்திலும் தேறாதவர் யார்?" ரோகிணி என்ற பெண்ணின் பெயருக்கு நேரே கோடு மளமளவென்று ஏறியது. வகுப்பே சிரித்தது. அந்த வாரமே ரோகிணி செத்துப்போனாள். அதே வகுப்பில் படிக்கும் அவளுடைய நண்பன் டெனிஸ், சந்தோஷ்குமார் மேல் புகார் எழுதிக் கொடுத்தான். வரும் திங்கட்கிழமை விசாரணைக் குழு வருகிறது.

"நேத்து ரோகிணிங்கிற பேர்ல யாரோ நுழைஞ்சு, எல்லாத்துக்கும் சரியாப் பதில் சொல்லி ஜெயிச்சுட்டாங்க. கடைசில அவ பேரு மேல திரையில கலர்க் காகிதமாக் கொட்டுது, கூடவே பாட்டு. ஒரு பொண்ணு மயங்கி விழுந்துருச்சு. பிள்ளைங்க முப்பது பேரு, பதில் சொன்ன பேரும் முப்பது. மத்தவங்க எல்லாரும் இது என் பேருன்னு காட்டிட்டாங்க, டெனிஸ் மட்டும்தான் பாக்கி. அப்ப அந்த ரோகிணி அவன்தானே? நாளைக்கே டி.சி. கொடுத்து அனுப்புங்கன்னு சந்தோஷ்குமார் ஒத்தக் கால்ல நிக்கிறார். செத்தவளை வச்சு விளையாடுறவன் புகாரை எவன் நம்புவான்னு கேக்கிறார்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"கிளாவரைங்கிற மலைக்கிராமத்துப் பையன் மேடம். அப்பா கேரட் போட்டுப் படிக்க வைக்கிறார். அனுப்பிட்டா அவன் படிப்பு அதோட போச்சு. எனக்குத் தூக்கம் வரல."

"பையன் சோலியாத்தாங்க இருக்கும்," என்றான் செந்தில்வேல். "வாத்தியாரைப் பதற வைக்கப் பாத்திருக்கான்."

தெரசம்மாள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நேத்து காத்துல இங்க கரண்ட் போச்சே, அங்கயும் போச்சா?"

"போச்சு. புரொஜெக்டர் அணைஞ்சிருச்சு. லேப்டாப் பேட்டரியிலயும் வைஃபை யு.பி.எஸ்.லயும் ஓடிச்சு. கேள்வி தன்னால மாறிக்கிட்டே இருக்கும், அதனால கடைசி நாலு கேள்வி வெறுந்திரையிலயே போயிருச்சு. அதுல பிள்ளைங்க யாருமே தேறல. முடிவு வர்றப்பதான் கரண்ட் திரும்ப வந்துச்சு."

"ரோகிணி?"

"நாலும் சரி."

தெரசம்மாள் கத்தியைக் கீழே வைத்தார்.

அன்று மாலை முப்பது பேரையும் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். சந்தோஷ்குமார் லேப்டாப்புக்குப் பின்னால், சுவரை ஒட்டி நின்றார். டெனிஸ் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தான். அவன் பக்கத்தில் உட்கார ஒருத்தருக்கும் மனசில்லை.

"நேத்து நீ ஏன் உள்ள நுழையல?" என்று தெரசம்மாள் கேட்டார்.

"அன்னைக்கப்புறம் நான் அதைத் தொடுறதில்லைங்க."

"நல்லா நடிக்கிறான்," என்று சிரித்தார் சந்தோஷ்குமார்.

நேற்றைய கேள்விகளையே திரும்ப ஓட்டச் சொன்னார் தெரசம்மாள். செந்தில்வேல் தன் போனில் 'கொடைச் சிங்கம்' என்று பெயர் கொடுத்து நுழைந்தான். திரையில் கேள்வியைப் படித்து, நிறம் பார்த்து அழுத்தினான். தப்பு. இரண்டாவது கேள்வி வருமுன் தெரசம்மாள் புரொஜெக்டரை அணைத்தார்.

"இப்ப அழுத்து. வெரசா."

"எதைங்க அழுத்த? கேள்வி எங்க கெடக்கு? போன்ல நாலு கலர்க் கட்டம்தான இருக்கு." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். ஒன்றும் தெரியாமல் அந்தப் பையன் தலையில் பழியைப் போட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கேள்வியும் விடையும் திரையில மட்டும்தான் வரும்," என்றார் தெரசம்மாள். "விடை மனப்பாடமா இருந்தாலும் புண்ணியமில்ல, கட்டம் ஒவ்வொரு தடவையும் இடம் மாறும். குருட்டாம்போக்குல ஒண்ணு சரியா விழும், நாலும் விழாது. திரை அணைஞ்ச பிறகும் கேள்வியைப் படிச்ச ஆள் யாரு? லேப்டாப் யாரைப் பாத்து இருக்கு?"

அத்தனை தலையும் சந்தோஷ்குமார் பக்கம் திரும்பியது.

"டெனிஸ் நுழைய மாட்டான்னு உங்களுக்குத் தெரியும். அந்தக் காலி இடத்துல நீங்க ரோகிணியா நுழைஞ்சீங்க. புகார் கொடுத்தவன் பேரு கெட்டா புகாரும் செத்துரும். உங்க போனைக் கொடுங்க, பாத்துருவோம்."

சந்தோஷ்குமார் மேசை மேலிருந்த போனைச் சட்டென்று எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். முகம் கறுத்துவிட்டது. ஆனால் அடங்கவில்லை.

"சரி, நான்தான். என்ன இப்ப? இவன் என்னைக் கொலைகாரன்னு எழுதுனான். நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன். ஓட்டுப் போட்டது யாரு? நூறு சதவீதம் மேடம். ஒரு ஓட்டுகூட வேற பேருக்கு விழல. இந்த யோக்கியன் யாருக்குப் போட்டான்னு கேளுங்க."

முதல்வர் எழுதி வைத்திருந்த டி.சி. தாளை நான்காகக் கிழித்தார். "நீ இங்கயே படிக்கலாம்ப்பா," என்றார்.

டெனிஸ் எழுந்து நின்றான்.

"நான் மட்டும் வேற பேரை அழுத்துனா, அவமேல எனக்கு ஒரு இதுன்னு கண்டுபிடிச்சுச் சிரிப்பாங்கன்னு நினைச்சேன்," என்றான். "பக்கத்துலதான் இருந்தா. நான் அவ பேரை அழுத்துனதைப் பாத்தா. பாத்துட்டுத்தாங்க, தன் பேரையே அவளும் அழுத்துனா."