டேப்லெட் இரண்டு

மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு டேப்லெட்டில் ஒரு டிக் மறைந்தது.

விமானம் மேகத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை, இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை, ஒற்றை இன்ஜினின் இரைச்சலும் கூரைத் தகட்டில் மழை விழும் சத்தமும் ஒன்றாகக் கலந்து, ஹெட்செட்டின் பஞ்சைத் தாண்டி, பக்கத்து அறையில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருப்பதுபோல் கேட்டது. விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டிருந்த அவன் தொடையில் பட்டையால் கட்டியிருந்த டேப்லெட்டில் பாதி வரைபடம். மீதிப் பாதியில், புறப்படும் முன் பார்க்கவேண்டியவற்றின் பட்டியல். இருபத்திரண்டு வரி, இருபத்திரண்டு பச்சை டிக். இப்போது இருபத்தொன்று.

ஒன்பதாவது வரி. பெட்ரோலில் தண்ணீர்.

விரல் பட்டிருக்கும். மறுபடி தொட்டான். டிக் வந்தது. கையை எடுத்தான். போயிற்று. வரிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்து: மாற்றியது, டேப்லெட் இரண்டு.

கம்பெனியில் இரண்டு டேப்லெட்தான் இருந்தன. ஒன்றில் போடும் டிக் இன்னொன்றிலும் விழும். ஆனால் இரண்டும் பத்தடிக்குள் இருக்கவேண்டும்.

இரண்டாவது டேப்லெட் நான்கு மாதமாக ஏரிக்கடியில் இருந்தது. அதைத் தொடையில் கட்டியிருந்தவனும்தான். இவனுடைய தங்கையின் கணவன். விமானத்தின் வாலும் ஒரு ஷூவும் மட்டும் மிதந்து வந்தன.

அன்றும் மழை. "நீ சாப்பிட்டு வா மாப்ள, நான் பாத்துடறேன்" என்று இவன்தான் சொன்னான். இரண்டு நிமிட வேலை. இறக்கைக்கு அடியில் இருக்கும் சின்ன வால்வை அழுத்தி, சாம்பிள் கப்பில் நாலு விரல் உயரத்துக்குப் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவேண்டும். விமானப் பெட்ரோல் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது நிறமில்லாமல் அடியில் தங்கும். ஆனால் மழையில் நனையவேண்டும். இவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, டீ ஆறுவதற்குள், இருபத்திரண்டு டிக்கையும் போட்டு டேப்லெட்டைக் கொடுத்தான். "எல்லாம் ஓகே மாப்ள. கெளம்பு."

விசாரணைக்கு வந்தவர்கள் கம்ப்யூட்டரில் இருந்த நகலைப் பார்த்தார்கள். ஒன்பதாவது வரியில் டிக் இருந்தது. ஓட்டியவனின் தவறு என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

தங்கை ஒரே ஒருமுறை கேட்டாள். "அண்ணா, அன்னிக்கு நீதானே பாத்த?"

"பாத்தேம்மா. சுத்தமா இருந்துச்சு."

அதற்குப்பின் மூன்று மாதம் ஒருநாள் விடாமல் பார்த்தான். அப்புறம் வெயில் நாட்களில் விட்டான். இன்று மருந்துப் பெட்டிகள் வரத் தாமதம். மழை. நாற்காலி. டீ.

பத்தாவது டிக் போயிற்று. பதினொன்று.

திரும்பிவிடலாம். திரும்பினால் ஏன் என்று கேட்பார்கள்.

வானொலியில் டவர்க்காரர் வந்தார். "என்ன கேப்டன், சத்தத்தையே காணோம்? மேகத்துக்குள்ள தூங்கிட்டீங்களா?"

"இல்ல சார். எல்லாம் நார்மல்."

"பேப்பர்ல ஒருத்தர்னு போட்டிருக்கீங்க. கூட யாரு?"

"யாரும் இல்லையே சார்."

"அட, பின்னாடி செக்லிஸ்ட் படிக்கிறாரே. விடுங்க, நல்லாத்தான் படிக்கிறாரு." சிரித்தார். சிரிப்பின் பாதியில் இரைச்சல் வந்து மூடிக்கொண்டது. அவன் அழைத்தான். பதில் இல்லை. அலைவரிசையை மாற்றினான். அங்கும் இரைச்சல்தான்.

பின்னால் மருந்துப் பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. அவனே ஏற்றி, வலை போட்டுக் கட்டியவை. திரும்பிப் பார்க்க நினைத்தான், கழுத்து திரும்பவில்லை. வாசனை முதலில் வந்தது. சேறு, அழுகிய பாசி, நாள்கணக்கில் ஊறிய தோல். அதற்குள் லேசாக, தங்கை வீட்டு பாத்ரூமில் இருக்கும் ஷேவிங் சோப்பு.

மேகத்துக்குக் கீழே போய்விடலாம் என்று விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினான். காலடித் தகட்டில் பின்னாலிருந்து ஏதோ முன்னோக்கி ஓடிவந்தது. தண்ணீர். ஷூவுக்குள் ஏறியது. பனிக்கட்டிபோல் இருந்தது.

வரைபடத்தைப் பார்த்தான். விமானத்தின் குறி ஏரியின் நடுவில் இருந்தது.

இன்ஜின் ஒருமுறை விக்கியது.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. ஒன்பதிலிருந்து கீழே இனி டிக் எதுவும் இல்லை.

"பெட்ரோல்ல தண்ணி?"

ஹெட்செட்டுக்குள் கேட்டது. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, பிறகு காத்திருக்கும் அந்தக் குரல். இருவரும் சேர்ந்து பறந்த நாட்களில் மாப்பிள்ளை படிப்பான், இவன் பதில் சொல்வான். பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகமாட்டான். சரியான பிடிவாதக்காரன் என்று தங்கை சொல்வாள்.

"பெட்ரோல்ல தண்ணி?"

அவன் வாய் தானாகத் திறந்தது. "பாத்தாச்சு."

இன்ஜின் மறுபடி விக்கியது. இருமியது. பம்பைப் போட்டான். டேங்கை மாற்றினான். நின்றது.

முன்னால் புரொப்பெல்லரின் ஒரு தகடு அசையாமல் நின்றது. மழைச் சத்தம் மட்டும். இறக்கைமேல் காற்று. பின்னால் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. பெட்டிகளின் வலை அவிழும் சத்தம். சீட்டின் முதுகை யாரோ பிடித்தார்கள். சீட் அழுந்தியது.

வலது தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது.

விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நகத்தில் பாசி. மோதிர விரலில் தங்கை போட்ட மோதிரம், உப்பிய சதைக்குள் பாதி புதைந்து. அந்த விரல்களுக்கு இடையில் சாம்பிள் கப், விளிம்புவரை நிறைந்து, ஒரு சொட்டும் சிந்தாமல்.

அவன் முகத்துக்கு நேராக அது உயர்ந்தது. ஜன்னலின் வெள்ளை வெளிச்சம் அதை ஊடுருவி வந்தது. கீழிருந்து மேல்வரை எங்கும் நீலம் இல்லை.

மேகம் முடிந்தது. கீழே, மிக அருகில், ஏரி.

"அவசரமில்ல மச்சான். வெளிச்சத்துல வச்சு நல்லா பாரு. என்ன கலர்?"